இடித்தால் பாயிண்ட்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இடிக்காமல் ஓட்டுவது எப்படி என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, தொண்டை கட்டிப்போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன். உள்ளேயிருந்து என்ன சத்தம் கேட்கவேண்டும்? டமார். தகரம் நசுங்குகிற சத்தம். கண்ணாடி சிதறுகிற சத்தம். அதற்கு மேலே என் மனைவியின் சிரிப்பு.

டி.வி.யில் கார் இடிக்கிற விளையாட்டு. அந்த விளையாட்டுப் பெட்டியைக் கல்லூரியில் படிக்கும்போது எங்கள் பெண்தான் யாரிடமோ பழையதாக வாங்கி வந்தாள். வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனவள் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். எடுத்து மூட்டை கட்டிப் பரண் மேல் போடு என்று மனைவியிடம் சொன்னேன். தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று எடுத்தவள், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஒரு நாள் போட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு எங்கள் கூடத்தில் விபத்து.

நானும் முதலில் சாதாரண ரேஸ் என்றுதான் நினைத்தேன். ரேஸ் என்றால் முந்துவது, அதுகூடப் பரவாயில்லை. இதில் பக்கத்தில் வருகிறவனை இடித்துச் சுவரில் தேய்த்தால் பாயிண்ட். எதிரே வருகிற வண்டியை உரசிக்கொண்டு போனால் பாயிண்ட். இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் அவளுக்கு உயிர். நாலு ரோடு சந்திக்கிற இடத்தில் முழு வேகத்தில் போய் மோதவேண்டும். பஸ், லாரி, வேன் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி எவ்வளவு நாசம் ஆகிறதோ அவ்வளவு பாயிண்ட். மோதுகிற அந்த நேரத்தில் எல்லாவற்றையும் மெதுவாக்கிக் காட்டுவான். கதவு தனியாகப் பிய்ந்து போகும். டயர் உருண்டு போகும். அடுத்த நிமிடம் புத்தம்புது கார் ஒன்றைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்திவிடுவான், மறுபடியும் இடி தாயே என்று.

ஹார்ன் கிடையாது. இண்டிகேட்டர் கிடையாது. சிக்னல் இருக்கிறது, சும்மா அழகுக்கு. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அவளுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் சரியாக அந்த மாதங்களில்தான் நான் அவளுக்குக் கார் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கிராம சுகாதார நர்ஸ். பஸ் ரோட்டிலேயே இருக்கிற ஒரு துணை சுகாதார நிலையத்தில் பல வருடமாக ஊசி போட்டு, எடை பார்த்து, ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது புரமோஷன் வந்திருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஐந்தாறு நிலையங்களைச் சுற்றிப் பார்த்து மேற்பார்வை செய்கிற வேலை. அந்த ஊர்களுக்கு நடுவில் பஸ் என்பது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஸ்கூட்டரில் ஒருமுறை விழுந்து மணிக்கட்டு உடைந்ததிலிருந்து இரண்டு சக்கரம் என்றாலே அவளுக்கு ஆகாது. ஆக கார் ஓட்டினால்தான் அந்த வேலை. இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். போன தடவை வந்தபோது பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். இந்தத் தடவையும் கொடுத்தால் ரிட்டயர் ஆகும்வரை அதே நாற்காலிதான். ஆவணி பிறந்ததும் போய்ச் சேரவேண்டும். எனவே எல்.எல்.ஆர். எடுத்து, காலை ஐந்தரை மணிக்கு ஸ்கூல் வண்டியில் அவளை உட்கார வைத்தேன்.

ஸ்கூல் வண்டியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதில் எனக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் மிதித்தாலும் வண்டி நிற்கும். இது எந்த ஊரில் அவசியமோ இல்லையோ, திருவண்ணாமலையில் அவசியம். காலையில் டிராபிக் கம்மி என்று கிரிவலப் பாதையில்தான் கற்றுக்கொடுப்போம். அங்கே ரோட்டில் நடுவாக வெறுங்காலோடு நடக்கிறவர்கள், சாமியார்கள், நாய்கள், குரங்குகள், ஆசிரமத்துப் பக்கம் வாடகை ஸ்கூட்டரில் நேற்றுத்தான் ஓட்டக் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர்கள். இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். பெரிய ஆபத்து உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற நம் ஆள்தான். அக்னி லிங்கம் வந்ததா, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எம லிங்கம் வந்ததா, மறுபடியும். சிலர் கண்ணையும் மூடிக்கொள்வார்கள். எட்டு லிங்கம், சின்னக் கோயில்கள் வேறு, நடுநடுவே மலை தெரிந்தால் அதற்கொரு கும்பிடு. படித்தவர், படிக்காதவர், பேங்க் மேனேஜர் எல்லாருக்கும் இதே வியாதி. அதனால் புது ஆள் ஓட்டும்போது என் வலது கால் எப்போதும் அந்தப் பிரேக்கின் மேலேயே இருக்கும்.

அவளும் அதைத்தான் செய்தாள். முதல் நாளே இரண்டு கையையும் தூக்கினாள்.

"இன்னா பண்ற நீ? கும்புடறதா இருந்தா எறங்கி நின்னு கும்புடு!" என்று கத்தினேன்.

"பழக்கதோஷங்க."

"பழக்கதோஷம்னு அவங்க வீட்ல போய் சொல்லு, யாரையாவது ஏத்திட்டு!"

நான் கத்துவேன். மறைத்துப் பயனில்லை. காசு கட்டிக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் 'சார்', 'மேடம்' என்று கொஞ்சம் அடக்கி வாசிப்பேன். சொந்தப் பெண்டாட்டிதானே என்று இவளிடம் அடக்கவில்லை. கியர் மாற்றினால் கத்தினேன், மாற்றாவிட்டால் கத்தினேன். அவள் தோளை இறுக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, பதினைந்தில் போவாள். பின்னால் வருகிற ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தால் மன்னிப்புக் கேட்பதுபோல் இன்னும் ஓரமாகப் போவாள். ஒரு நாய் தூரத்தில் எழுந்து சோம்பல் முறித்தால்கூட "ஐயோ" என்பாள். வீட்டு வாசலில் இறங்கும்போது புடவை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இறங்குவாள்.

அதே கை சாயங்காலம் ஆனால் பஸ்ஸை இடிக்கிறது.

ஒரு நாள் தாங்காமல் டி.வி.க்கு முன்னால் போய் நின்றேன். "ரோட்ல நாய பாத்தா அலறுற. இங்க இன்னாடான்னா லாரிய கவுத்துட்டு சிரிக்கிற. இந்தக் கருமத்த பாத்துப் பாத்துதான் உனக்கு வண்டியே வர மாட்டேங்குது."

"கொஞ்சம் தள்ளுங்க, தெரியல," என்றாள். ரிமோட்டை விடவில்லை. பெரிதாக ஒரு மோதல் முடிந்து, பாயிண்ட் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். "காலையிலேர்ந்து பச்சக் கொழந்தைங்கள தூக்கறேன். மருந்து சூடாவக் கூடாது, ஊசி மாறக் கூடாது, ஒரு எழுத்து தப்பாப் போடக் கூடாது. எல்லாத்தையும் பாத்துப் பாத்து வெக்கணும். இங்க போட்டு ஒடச்சாலும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல பாருங்க."

"ஒடைக்கிறதுல இன்னா சந்தோஷம்?"

"நீங்க ஒருவாட்டி ஆடிப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

சரி, இது எவ்வளவு குப்பை என்று காட்டிவிடுகிறேன் என்று ரிமோட்டை வாங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முறையாக ஓட்டிக் காட்டினால் இந்த விளையாட்டே வெட்கப்படும் என்பது என் எண்ணம். மெதுவாகக் கிளப்பினேன். யாரையும் தொடாமல், இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லிக்கொடுக்கிறபடி ரோட்டின் இடது ஓரத்தைப் பிடித்தேன். பத்து வினாடி இருக்கும். நேர் எதிரே ஒரு பஸ். எங்கே ஒதுங்குவது என்று தெரிவதற்குள் அதன் முகத்திலேயே மோதினேன்.

அந்த நாட்டில் எல்லாரும் வலது பக்கமாகப் போகிறார்கள். அந்தப் பாழாய்ப்போன சங்கதியை எனக்கு யார் சொன்னார்கள்?

என் பின்னால் இரண்டு வேன் மோதியது. அதன் மேல் ஒரு டாங்கர் லாரி சாய்ந்தது. திரையெல்லாம் நெருப்பு. பாயிண்ட் ஏறிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. கடைசியில் தங்கப் பதக்கம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. அவள் ஒரு மாதமாக முயன்றும் வாங்காத பதக்கமாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "வாத்தியாருக்குத்தான் முதல் பரிசு!" என்றாள்.

எனக்கு அவமானம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று ஏழரை மணி வரைக்கும் ஆடினேன். உண்மையைச் சொல்லவேண்டும்: நன்றாக இருந்தது. நம் ரோட்டில் ஒரு சைக்கிளை லேசாக உரசினால்கூட நாற்பது பேர் கூடிவிடுவார்கள். ஆளாளுக்கு நீதிபதி. சாவியைப் பிடுங்குகிறவன், போட்டோ எடுக்கிறவன், அடிபட்டவனைவிட ஜாஸ்தியாக அழுகிறவன். அந்த விளையாட்டில் யாரும் கூடவில்லை. எந்தக் காரிலும் ஆளே இல்லை. கண்ணாடி மட்டும் அழகாகத் தெறித்தது. எத்தனை ஆயிரம் முறை பிரேக்கை அமுக்கி அமுக்கி நான் நடக்கவிடாமல் செய்த சங்கதியோ, அது என் கண்முன்னால் ஆற அமர நடந்தது. நடந்து முடிந்தும் ஒன்றும் ஆகவில்லை. மனசுக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்த மாதிரி இருந்தது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ரிமோட்டை வைத்துவிட்டு, "சுத்த வேஸ்ட்டு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஆடி மாதம் யாரும் டெஸ்ட்டுக்குப் போக விரும்பமாட்டார்கள். கூட்டம் கம்மி என்று நான் அந்த மாதத்திலேயே அவளுக்குத் தேதி வாங்கினேன். மைதானத்தில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். மற்ற ஸ்கூல்காரர்கள் நாலைந்து பேர் புங்கமர நிழலில் நின்றிருந்தார்கள். அண்ணன் வீட்டம்மாவே வந்திருக்காங்க என்று ஒருவர் டீ வாங்கி வந்தார். எனக்குக் கொஞ்சம் மிதப்பு.

பிரேக் இன்ஸ்பெக்டர் என் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் வெளியே நின்றேன். எட்டு போட்டாள், அழகாகவே போட்டாள். ரிவர்ஸ் எடுத்தாள். கடைசியாக நேராக வந்து, தார் டிரம்முக்கு முன்னால் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் நிறுத்தவேண்டும். அதில் என்ன இருக்கிறது? நேராக வந்தாள். கோட்டைத் தாண்டினாள். நிதானமாக, பதறாமல், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் போய் அந்தக் காலி டிரம்மை இடித்தாள். டிரம் உருண்டு புங்கமரம் வரைக்கும் வந்தது. டீ வாங்கிக் கொடுத்தவர் காலைத் தூக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

"அடுத்த வாரம் வாங்கம்மா," என்று பேப்பரில் எழுதிக்கொடுத்தார். மனிதர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். அத்தனை பேருக்கும் நடுவில் கத்தினேன். "கண்ணு எங்க இருந்துச்சு? இது இன்னா உன் டி.வி. கேமா? இடிச்சா பாயிண்ட் குடுப்பாரா அவரு? என் மானமே போச்சு!" என்று, வீடு வரைக்கும் கத்திக்கொண்டே ஓட்டி வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று ஆறு மணிக்குக் கூடத்தில் சத்தம் இல்லை. டி.வி. கறுப்பாக இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அது?"

"வேணாம்னு எழுதிக் குடுத்துடறேங்க. ஆவணிக்குள்ள எனக்கு வண்டி வராது."

எனக்குச் சுரீர் என்றது. "ஒரு டிரம்மு தானே? அடுத்த வாரம் போனா ஆச்சு. நேரா வந்து நிறுத்தறதுக்கு இன்னா கஷ்டம்? ஏன் நிறுத்தல நீ?"

மடியிலிருந்த தாளைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நிக்கும்னு பாத்துட்டே இருந்தேன். எப்பவும் தானா நின்னுடுமே."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினாளே, அதில் ஒரு தடவையாவது அவள் நிறுத்தினாளா என்று யோசித்துப் பார்த்தேன். மாடு வந்தால் நான் மிதித்தேன். வளைவு வந்தால் நான் மிதித்தேன். ஒன்றுமே வராவிட்டாலும் நான் மிதித்தேன். மற்ற மாணவர்களுக்கு இரண்டாம் வாரத்திலேயே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவேன், அவர்களாக நிறுத்தக் கற்றுக்கொள்ளட்டும் என்று. இவளுக்கு எடுக்கவே இல்லை. அவள் காலை வைப்பதற்கு முன்பே வண்டி நின்றிருக்கிறது.

"அந்த கேமுல நான் இடிச்சா நான் இடிச்சதுங்க," என்றாள் அவள். "நின்னா நான் நிறுத்தினது. பக்கத்துல ஒக்காந்து யாரும் திட்டறதும் இல்ல." குரலை உயர்த்தவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கத்தியிருப்பேன். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "நாளைக்குக் காலையில நம்ம வண்டியில போலாம்," என்றேன்.

எங்கள் சொந்தக் கார் பழசு, சின்னது. அதில் என் பக்கம் பிரேக் கிடையாது. அப்படியும் என் காலை நம்ப முடியாது. அது தரையைப் போட்டு உதைத்தால் அவள் பயந்துவிடுவாள். எனவே மறுநாள் காலை இடப்பக்க சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெல்ட்டையும் போட்டுக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி. ஆசிரமத்துக்கு எதிரே நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், நான் தியானத்தில் இருப்பதாக நினைத்துக் கும்பிட்டார். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

முதல் பிரேக்கில் என் நெற்றி கண்ணாடி வரைக்கும் போய் வந்தது. இரண்டாவதில் வண்டி அணைந்தேவிட்டது, பின்னால் வந்த பால்காரர் எங்கள் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது பொய். கத்தினேன். ஆனால் காலைக் கீழே இறக்கவில்லை. நாலாவது நாள் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குரங்கு குறுக்கே பாய்ந்தது. நான் "ஏ, ஏ, ஏ" என்பதற்குள் வண்டி நின்றிருந்தது. குலுங்காமல் நின்றது. அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போலாங்களா?" என்றாள்.

அடுத்த டெஸ்ட்டில் வெள்ளைக் கோட்டில் நிறுத்தினாள். தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆவணியில் வேலைக்குச் சேருகிற அன்று நானும் கூட வருகிறேன் என்று சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். "வேணாங்க, நீங்க ஸ்கூலுக்குப் போங்க," என்றாள். பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் காட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஒற்றை ஆளாகக் கிளம்பினாள். நான் ஸ்கூலுக்குப் போய் ஒருவருக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்தேன். அவர் இரண்டு முறை வண்டியை அணைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு முன்பே மணி அடித்தது.

"வந்து சேந்துட்டேங்க," என்றாள். "கேட்டு கொஞ்சம் குறுகலா இருக்கு. உள்ள விடும்போது தூண்ல இடிச்சுட்டேன்."

"வண்டிக்கு இன்னா ஆச்சு?" என்றேன்.

"இடது பக்கக் கதவுல கீறல். கண்ணாடி மடங்கிடுச்சு, திருப்பி வெச்சுட்டேன். ரிவர்ஸ் எடுத்து நேரா விட்டுட்டேன்."

"எவ்ளோ நீளம்? பெயிண்ட்டு மட்டுமா, தகடும் நசுங்கிச்சா? எத்தனை தடவ சொன்னேன், எடம் பாத்து விடுன்னு! அங்க யாரும் பாத்து சொல்ல ஆள் இல்லயா?"

"கையளவு இருக்கும். ஒம்போது கொழந்தைங்க ஊசிக்குக் காத்துட்டிருக்குங்க. திட்டறத சாயங்காலம் திட்டுங்க, வெக்கறேன்."

வைத்துவிட்டாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர், "வீட்ல யாருக்காவது அடியா சார்?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, உனக்கு ஏதாவது ஆச்சா என்று நான் கேட்கவே இல்லை. உடனே திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.